குஞ்சுக்கு வயிறு கெட்டால்: கைவைத்தியமா, கடை மருந்தா, மாட்டு டாக்டரா?

காலை ஆறு மணி. தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகள் ஒரு பழைய காலண்டர் தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசல் இஸ்தோப்புக்கு வந்தாள். தாளின் நடுவில், இரண்டு ரூபா குத்தி அளவுக்கு, செங்கல் நிறத்தில் சளியும் ரத்தமுமாக ஒரு எச்சம்.

“சித்தப்பா, கறுப்பி ரத்தமா போயிருக்கு. செத்துருமா?”

வேனில் விற்க வந்தவரிடம் வாங்கிய ஏழு கோழிக்குஞ்சுகளில் ஒன்று கறுப்பி. வாங்கி நான்கு கிழமை. போய்ப் பார்த்தேன். மற்ற ஆறும் தீனியைக் கிளறிக்கொண்டிருக்க, கறுப்பி மட்டும் மூலையில் இறகை உப்பவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அரை மணித்தியாலத்துக்குள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான்கு யோசனை வந்துவிட்டது. அப்பாயி மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைக்கச் சொன்னார். பக்கத்துக் காம்பரா அக்கா, மகனுக்கு இருமலுக்குக் கொடுத்து மிஞ்சிய கப்ஸ்யூல் இரண்டைக் கொண்டுவந்தார். டவுனில் கோழி மருந்து விற்கிறார்கள் என்றார் ஒருவர். மாட்டு டாக்டரிடம் காட்டச் சொன்னார் அண்ணன். நான்குமே நல்லெண்ணத்தில் சொன்னவைதான். ஆனால் நான்கும் ஒரே நோய்க்கான வழிகள் இல்லை என்று எனக்கு விளங்க ஒரு கிழமையும் ஒரு குஞ்சும் செலவானது.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் குஞ்சின் வயதையும் எச்சத்தையும் பார்க்கவேண்டும். நல்ல குஞ்சின் எச்சம் உருண்டு திரண்டு, மேலே வெள்ளைத் தொப்பி போட்டதுபோல இருக்கும். அந்த வெள்ளை அதன் சிறுநீர். இடையிடையே, எட்டுப் பத்துத் தடவைக்கு ஒன்றாக, தேன்குழம்பு போலப் பழுப்பாக, ஒட்டிக்கொள்கிற, நாற்றமுள்ள எச்சம் ஒன்று போகும். அது குருட்டுக் குடலில் இருந்து வருவது, நோயில்லை. புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துப் பயந்து மருந்து கரைப்பதை நிறையக் கண்டிருக்கிறேன்.

பொரித்து ஒரு கிழமைக்குள் பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருந்தால், பெரும்பாலும் குளிர் பட்டது, பயணக் களைப்பு, தண்ணீர் குடிக்காதது. முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் போய் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால், தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வரும் சல்மொனெல்லா வகைக் கிருமியைச் சந்தேகிக்கலாம். மூன்று முதல் ஆறு கிழமைக்குள் ரத்தமோ காப்பி நிறச் சளியோ போனால் முதல் சந்தேகம் ரத்தக் கழிச்சல், அதாவது கொக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வரும் கொக்சிடியோசிஸ். அதே வயதில் வெள்ளையாகத் தண்ணீராகப் போய், நடுங்கி, தன் பின்பக்கத்தைத் தானே கொத்தினால் கம்போரோவாக இருக்கலாம். பச்சையாகப் போய், மூச்சு இழுத்து, கழுத்துத் திருகினால் ராணிக்கெட். இந்தப் பிந்திய இரண்டும் வைரஸ். மருந்தே கிடையாது, வருமுன் தடுப்பூசி ஒன்றுதான்.

இங்கே ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காணொளிகளில் ‘வெள்ளைக்கழிச்சல்’ என்று சொல்வது ராணிக்கெட்டை. நம் பக்கத்தில் குஞ்சு வெள்ளையாகக் கழிந்தாலே வெள்ளைக் கழிச்சல் என்கிறோம். அவர்கள் சொல்வதைக் கேட்டு இரண்டு நாள் குஞ்சுக்கு ராணிக்கெட் வைத்தியம் தேடி அலைந்தவரை எனக்குத் தெரியும். அந்தக் குஞ்சுக்கு வேண்டியிருந்தது பின்பக்கம் துடைக்க வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த ஒரு துணி.

மலையில் வளர்ப்பவருக்கு எல்லா யோசனைக்கும் முந்தியது சூடு. பொரித்த முதல் கிழமை குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வேண்டும். அதன்பிறகு கிழமைக்கு மூன்று பாகை வீதம் குறைக்கலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரி 16 பாகைக்குக் கிட்ட. ஜனவரிப் பனியில் இரவில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கிவிடும். ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் அடைமழையில் லயத்துத் தகரத்தின் கீழ் குஞ்சு நடுங்கும். குளிரில் நடுங்கும் குஞ்சு தீனியும் தண்ணீரும் எடுக்காது. எடுக்காத குஞ்சுக்குத் தண்ணீரில் கலந்த எந்த மருந்தும் உள்ளே போகாது.

ஆகவே முதல் வழி, மருந்தே இல்லாத வழி: நோய்க் குஞ்சைப் பிரித்து, சூட்டில் வைத்து, தண்ணீர் கொடுப்பது. பெட்டிக்குள் தொங்கவிடும் பல்ப் பழைய இழை பல்பாக இருக்கவேண்டும். எல்ஈடி பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இரண்டு இரவு ஏமாந்தோம். கரண்ட் இல்லாத இரவுக்கு, சுடுதண்ணீர்ப் போத்தலை உல்லன் துணியில் சுற்றிப் பெட்டியில் ஒரு பக்கமாக வைத்தால் போதும். மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டாத குஞ்சு நகர்ந்துகொள்ளும். தண்ணீருக்கு, ஒரு நாள் மட்டும், ஜீவனிப் பாக்கெட்டை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புப் பொடி) ஒரு லீட்டரில் கரைத்து அதோடு இன்னொரு லீட்டர் சேர்த்து நீர்க்கவைத்துக் கொடுக்கலாம். குடிக்காத குஞ்சுக்கு அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக் குழாய்க்குப் போய்விடும்.

பின்பக்கம் அடைத்த சின்னக் குஞ்சுக்கு இந்த வழி ஒன்றே வைத்தியம். காய்ந்த எச்சத்தைப் பிய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் சரி. பிய்த்தால் தோலோடு வரும். ஆனால் ரத்தக் கழிச்சலுக்குச் சூடும் தண்ணீரும் மட்டும் போதாது. லேசாக வந்தது தானே ஆறும் என்பது உண்மைதான். அது லேசா கடுமையா என்பது மறுநாள் காலையில்தான் தெரியும், அதற்குள் சில வேளை குஞ்சு இருக்காது.

இரண்டாவது, அடுப்படி. மஞ்சள், உள்ளி, சின்ன வெங்காயம், மிளகு, வேப்பிலை. (வேப்பமரம் நம் குளிரில் ஒழுங்காக வராது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் பக்கம் சொந்தம் இருப்பவர்கள் காயவைத்துக் கொண்டுவந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.) அப்பாயியின் கைவைத்தியத்தை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அவர் வளர்த்த ஊர்க்கோழிகள் தாயோடு மேய்ந்து திரிந்தவை. வெளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமி உள்ளே போய் அதுவே தடுப்பாக மாறியிருக்கும். அவற்றுக்கு லேசாக வந்த கழிச்சல் மஞ்சள் கொடுத்தாலும் போகும், கொடுக்காவிட்டாலும் போகும். கறுப்பி அட்டைப் பெட்டியில், பல்புக்குக் கீழ், ஈர மரத்தூளில் வளர்ந்தது. குடலைக் கிழித்துக்கொண்டு பெருகும் ஒட்டுண்ணியை மஞ்சள் நிறுத்தும் என்று நம்பி மூன்று நாளைக் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தீனியில் ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்ப்பதால் கெடுதல் இல்லை, அதுவே மருந்து என்று காத்திருப்பதுதான் கெடுதல். அப்பாயிக்காக ஒரு சிட்டிகை சேர்த்தேன்.

மிளகையும் வெங்காயத்தையும் உருட்டித் தொண்டைக்குள் திணிப்பது வேறு. அது வேண்டாம். வீங்கியிருக்கும் குடலுக்குக் காரம் எதற்கு?

கப்ஸ்யூலை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் மனக்கசப்பு. கொக்சிடியா பக்டீரியா அல்ல, ஒற்றைக் கல ஒட்டுண்ணி. மனிதருக்குத் தரும் அமொக்சிசிலின் அதைத் தொடாது. குஞ்சின் எடைக்கு அளவும் பிடிபடாது. மீந்த கப்ஸ்யூலைக் கோழிக்குக் கொடுத்துப் பழகினால் அந்த மருந்துக்கு அசையாத கிருமிதான் நம் முற்றத்தில் வளரும். சல்மொனெல்லாவுக்கு அன்டிபயோட்டிக் கொடுத்துப் பிழைத்த குஞ்சுகூடக் கிருமியைச் சுமந்துகொண்டேதான் இருக்கும், பிறகு அதன் முட்டையை அடைவைக்கக் கூடாது.

மூன்றாவது கடை மருந்து. நான் நின்றதும் சறுக்கியதும் இங்கேதான்.

இங்கே பெரும்பாலும் கிடைப்பது அம்ப்ரோலியம். விட்டமின் பி1 மாதிரியே உருவம் கொண்ட ஒரு பொருள். கொக்சிடியாவுக்கு வளர பி1 வேண்டும். கொக்சிடியா இந்த மருந்தைப் பி1 என்று நினைத்து எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். நம் அளவில் குஞ்சுக்குத் தீங்கு மிகக் குறைவு, அளவு கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் தாங்கும். லயத்தில் தேக்கரண்டியால் அளக்கும் நமக்கு அது பெரிய விஷயம். வழக்கமான அளவு தண்ணீரில் 0.012 வீதம் (%), கடுமையாக இருந்தால் 0.024 வீதம், மூன்று முதல் ஐந்து நாள். பிறகு 0.006 வீதம் ஒன்று இரண்டு கிழமை. 20 வீதப் பொடியென்றால் ஒரு லீட்டருக்கு முறையே 0.6 கிராம், 1.2 கிராம், 0.3 கிராம். இவ்வளவு சின்ன எடையை வீட்டில் நிறுக்க முடியாது. பாக்கெட்டில் 10 கிராம் என்று போட்டிருந்தால் முழுவதையும் தண்ணீரில் கரைத்து 100 மில்லிலீட்டர் ஆக்கிக்கொண்டு, அதிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சால் 12 மில்லி எடுத்து ஒரு லீட்டரில் கலந்தால் 1.2 கிராம் கணக்கு வரும். உங்கள் பாக்கெட்டில் வீதம் வேறாக இருந்தால் கணக்கும் வேறு, முதலில் அதைப் பாருங்கள். தினமும் புதிதாகக் கலக்கவேண்டும். வேறு தண்ணீர் எதுவும் எட்டக் கூடாது, தகரத்தில் இருந்து சொட்டும் மழைத்தண்ணீர்கூட.

இன்னொன்று டொல்ட்ராசூரில். 2.5 வீதத் திரவம், லீட்டருக்கு 1 மில்லி, இரண்டே நாள். அம்ப்ரோலியம் ஒட்டுண்ணியின் ஆரம்பப் பருவத்தில்தான் நன்றாக வேலைசெய்யும். ரத்தம் தெரிகிற குஞ்சுக்குள் அந்தப் பருவம் ஏற்கெனவே தாண்டிப் போயிருக்கும். டொல்ட்ராசூரில் குடலுக்குள் இருக்கும் எல்லாப் பருவத்தையும் பிடிக்கும். அப்படியானால் அதையே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். எங்கள் டவுன் கடையில் எப்போதும் இருப்பதில்லை, ஏழு குஞ்சுக்கு ஒரு பெரிய போத்தல் வாங்கவேண்டிவரும், முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கக் கூடாது. ஒன்றிரண்டு குஞ்சுக்கு ரத்தம் போய் மற்றவை தின்றுகொண்டிருந்தால் அம்ப்ரோலியம் போதும் என்பது என் கணிப்பு. பாதிக்கு மேல் படுத்துவிட்டால் டாக்டரிடம் கேட்டு டொல்ட்ராசூரில். சல்ஃபா மருந்துகளும் கேட்கும். ஆனால் வேலைசெய்யும் அளவுக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. டாக்டர் எழுதாமல் நான் தொடமாட்டேன்.

மருந்து யாருக்கு? எல்லாக் குஞ்சுக்கும். இதில்தான் நிறையப்பேர் பிழை விடுகிறார்கள், கறுப்பிக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று நானும் முதலில் நினைத்தேன். ஒட்டுண்ணி முட்டை வாய்க்குள் போய் நாலைந்து நாள் கழித்துத்தான் ரத்தம் தெரியும். இன்று ஒன்று ரத்தம் போகிறதென்றால் அதோடு ஒரே மரத்தூளைக் கிளறிய மற்றவை ஏற்கெனவே விழுங்கியிருக்கும். கொடுக்கிற அம்ப்ரோலியம் கறுப்பியைவிட அதன் கூட்டாளிகளைத்தான் அதிகம் காப்பாற்றுகிறது.

நான் அன்று பத்து மணிக்கே டவுனில் இருந்து அம்ப்ரோலியம் வாங்கி வந்து கலந்துவிட்டேன். கடையில் கூடவே ஒரு விட்டமின் சிரப்பும் தந்தார்கள், ‘பெலத்துக்கு’ என்று. நானும் இரண்டையும் ஒரே தண்ணீரில் ஊற்றினேன். இரண்டாம் நாள் இன்னொரு குஞ்சுக்கும் ரத்தம். மூன்றாம் நாள் விடியற்காலை வெள்ளைக் குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது.

அப்போதுதான் நான்காவது வழிக்கு வந்தேன். முதலிலேயே வந்திருக்கவேண்டும். அண்ணன் போயிருந்தால் அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போயிருக்கும். எனக்கு டவுனில் வேலை, முதலாளியிடம் ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டு, செத்த குஞ்சை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனேன். மாட்டுக்கு ஊசி போட வந்த நான்கைந்து பேர் முன்னால் நிற்க, நான் ஒரு குஞ்சோடு நின்றது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. வயிற்றைக் கீறிக் குடலை விரித்துக் காட்டினார். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் இரண்டு குருட்டுக் குடல் உண்டு, சாதாரணமாக மெல்லிசாக இருக்குமாம். இதில் இரண்டும் சுண்டுவிரல் பருமனுக்கு வீங்கி, உள்ளே கறுத்த ரத்தம் உறைந்து கிடந்தது. கொக்சிடியோசிஸ்தான், அதிலும் குருட்டுக் குடலைத் தாக்கும் வகை என்றார்.

“மருந்து சரி. வேறென்ன குடுக்கிறீங்க?”

விட்டமின் சிரப்பைச் சொன்னேன். போத்தலின் சீட்டைக் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்தேன், அதைப் பார்த்து முதல் வரியைத் தொட்டுக் காட்டினார்: பி1. மருந்து ஒட்டுண்ணியை எதில் பட்டினி போடுகிறதோ அதையே நான் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தேன். சிரப்பை நிறுத்தி, மருந்தை 0.024 வீதத்தில் ஐந்து நாள் முழுவதும் கொடுக்கச் சொன்னார். விட்டமின் வேண்டுமென்றால் மருந்து முடிந்த பிறகு. வெள்ளைக் குஞ்சு அதனால்தான் செத்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு நாளும் மருந்து பாதி வேலைதான் செய்திருக்கும்.

மாட்டு டாக்டரிடம் ஒரு குஞ்சுக்காகப் போவதா என்று தயங்குபவர்களுக்கு: பஸ் காசு குஞ்சின் விலையைவிடக் கூடத்தான். ஆனால் செலவை ஒரு குஞ்சோடு வைத்துப் பார்க்காமல் மிச்சக் குஞ்சுகளோடும், அதைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளையோடும் வைத்துப் பாருங்கள். உயிரோடிருக்கும் குஞ்சின் எச்சமாக இருந்தால் அன்று காலை விழுந்ததை, காயாமல், சின்னப் போத்தலில் கொண்டுபோகவேண்டும், நுண்ணோக்கியில் பார்க்கலாம். செத்த குஞ்சென்றால் அன்றைக்கே, குளிராக வைத்து, ஆனால் ஐஸ் ஆக உறையவைக்காமல். அலுவலகத்தில் முடியாததைக் கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமோ பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடமோ பார்க்கும். கழுத்துத் திருகுகிறது, மூச்சு இழுக்கிறது, ஒரே நாளில் இரண்டு மூன்று சாகிறது என்றால் மற்ற மூன்று வழியையும் யோசிக்காமல் நேரே இங்கேதான், அக்கம்பக்கத்துக் கோழிகளையும் நினைத்து.

இன்னொரு வயிற்றுக் கோளாறு இந்த ஒப்பீட்டுக்கே வெளியே நிற்கிறது. காலையில் குஞ்சின் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். இரவு முழுக்கச் செமித்துக் காலியாக இருக்கவேண்டும். கெட்டியாக உருண்டை போலவோ, தண்ணீர்ப் பை போல நொளநொளவென்று புளித்த வாடையோடோ இருந்தால் அது குடல் நோயில்லை, தீனிப்பை அடைப்பு. பிள்ளைகள் அன்பாக வைக்கும் நீளப் புல்லும், சின்ன மணல் இல்லாமல் கொடுக்கும் குறுணலும் காரணமாக இருக்கும். அதற்கு அம்ப்ரோலியம் கரைத்துப் பயனில்லை.

ரத்தக் கழிச்சல் கோழியிலிருந்து மனிதருக்கு வராது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் வராது. சல்மொனெல்லா வரும். எந்தக் கழிச்சல் என்று தெரியும்வரை பிள்ளை குஞ்சை முகத்தோடு வைத்துக் கொஞ்சக் கூடாது, தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். இதைச் சொன்னபோது அண்ணன் மகள் என்னை முறைத்தாள். ஆனால் கழுவினாள்.

ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது. கறுப்பி ஆறாம் நாள் தீனித் தட்டில் ஏறி மற்றதை விரட்டியது. குறைந்த அளவு மருந்து இன்னும் ஒரு கிழமை போனது. அதற்குள் பெட்டியைப் பார்த்தேன். எச்சத்தோடு விழும் ஒட்டுண்ணி முட்டை உடனே தொற்றாது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு முற்றும். வெளியே 16 பாகைக் குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும். நாம் பல்ப் போட்டு 30 பாகைக்கு ஏற்றி வைத்த, தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து ஊறிய மரத்தூள்தான் அதற்கு வாகான இடம். சாதாரணக் கிருமிநாசினி எதுவும் அந்த முட்டையின் ஓட்டைத் துளைக்காது. கொதிதண்ணீரும் வெயிலில் காய்வதும்தான் கேட்கும். ஆகவே பழைய மரத்தூளை அள்ளிக் கொளுத்தினோம், அட்டைப் பெட்டியை எறிந்துவிட்டுப் பலகைப் பெட்டி செய்தோம். அடியில் கம்பி வலை, எச்சம் கீழே விழும்படி. தண்ணீர்ச் சட்டியை ஒரு செங்கல்லின் மேல், குஞ்சின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தி வைத்தோம். அடுத்த தடவை குஞ்சுத் தீனி வாங்கும்போது கொக்சிடியாத் தடுப்பு மருந்து சேர்த்ததா என்று பையின் சீட்டைப் பார்த்து வாங்கினேன்.

மரக்காலையில் இருந்து புதிய மரத்தூள் ஒரு உரப்பை வந்திருக்கிறது. கம்பி வலைக்குக் கீழே போட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றத்தான். ஈரமாக இருக்கிறது, வெயிலுக்குக் காத்திருக்கிறோம். மூன்று நாளாக மழை விடவில்லை, அதனால் அண்ணி அதை அடுப்புக்கு மேல் பரணில் ஏற்றியிருக்கிறார்.